அடைக்கலம் கண்ட துறவி
கண்டி வனத்தில் வாழ்ந்த ஞானபோனிக்க தேரரின் வரலாறு

கொடியோர் கண்ணுக்குத் தப்பி ஒளிந்து வாழ்ந்த யூதக் குடும்பமொன்றின் கதையைத் தொலைக்காட்சி நாடகமாக நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். ஆன் பிராங்க் என்னும் சிறுமியின் நாட்குறிப்பைத் தழுவி எழுந்த நாடகங்கள் அவை. புத்தக அலமாரி ஒன்று மறைத்து நின்ற வாயில். பகற்பொழுதில் அடிச்சத்தம் எழாமல் நடக்க வேண்டிய நிலை. கீழே எவரேனும் கதவைத் தட்டினால் மேலே மூச்சடக்கி நிற்கும் எட்டு உயிர்கள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை அம்ஸ்ரர்டாம் நகரில் அவ்வாறு வாழ்ந்த அந்த எட்டுப் பேரில், போர் முடிந்தபின் உயிரோடு திரும்பியவர் சிறுமியின் தந்தை ஒருவரே.

நாடகம் முடிந்ததும் மாணவர்கள் ஆசிரியரிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. காலம் இருக்கும்போதே இவர்கள் தொலைதூர நாடொன்றுக்கு ஏன் போய்விடவில்லை என்பதே அது. போக முயன்றார்கள் என்பதுதான் விடை. சிறுமியின் தந்தை அமெரிக்கா செல்வதற்கு அனுமதி வேண்டி முயன்றும் கதவு திறக்கவில்லை. தப்பியோடுவோனுக்குக் கால்கள் மட்டும் போதா. அப்பாலிருந்து கதவைத் திறந்துவிடும் கை ஒன்றும் வேண்டும்.

அத்தகைய கதவொன்று நமது இலங்கையிலே, 1939-ஆம் ஆண்டில், ஒரு யூதத் தாய்க்குத் திறந்தது. அக்கதவு திறக்கக் காரணமாயிருந்தவன் அவளுடைய ஒரே மகன். செல்வத்தினாலோ செல்வாக்கினாலோ அவன் அதனைச் செய்யவில்லை. உலகைத் துறந்து, காவி உடுத்து, கையில் ஓடேந்திய ஒருவனாக இருந்து அதனைச் செய்தான். பின்னாளில் கண்டி நகரின் உடவத்தகெலே வனத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து உலகப் புகழ் எய்திய ஞானபோனிக்க தேரரே அம்மகன்.

நூல் காட்டிய நெறி

ஜேர்மனியில் பிராங்க்பேட் நகருக்கு அண்மையில் ஹனாவ் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1901 ஜூலை 21-ஆம் நாள், யூதப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தவர் சீக்முண்ட் பெனிகர். தந்தையார் காலணிக் கடை நடத்தியவர். ஆன் பிராங்க் 1929-இல் பிறந்ததும் அதே பிராங்க்பேட் நகரில்தான். சீக்முண்ட் சிறுவனாயிருந்தபோது குடும்பம் கீழ்ச்சிலேசியா எனவும் மேல்சிலேசியா எனவும் பிரிந்து கிடந்த கிழக்கெல்லை நிலத்தின் மேல்சிலேசியப் பகுதியிலுள்ள கோனிக்ஸ்ஹூற்ற என்னும் தொழில்நகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று அந்நகர் போலந்து நாட்டில் ஹோசூவ் என்னும் பெயரோடு விளங்குகிறது. அவர் பள்ளி சென்ற அந்நகரிலிருந்து நாற்பது கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேதான், பிற்காலத்தில் நாஜிகள் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமை அமைத்தார்கள். பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் அவருக்கு எத்தகைய முடிவைக் காட்டி நின்றன என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

யூத நெறியிலே பற்றுடைய குடும்பம் அது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பின்றி, இளைஞர் புத்தக வணிகத் துறையில் வேலைக்கமர்ந்தார். அதுவே அவருக்குக் கல்விச்சாலை ஆயிற்று. வாங்குவோர் கையில் நூலைக் கொடுப்பதற்கு முன் தாம் அதனைப் படித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டல்லவா? அவ்வாறு படித்த நூல்களுள் பௌத்த நூல்களும் இருந்தன. ஆசான் எவரும் இன்றி, அருகில் ஒரு விகாரையும் இன்றி, அச்செழுத்தின் வழியாகவே புத்தர் பெருமானின் நெறி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1922-இல் குடும்பம் பேர்லின் நகரை அடைந்தது. அங்கே பௌத்த நெறியில் ஈடுபாடு கொண்ட நண்பர் கிடைத்தனர். ஞானதிலோக தேரரின் நூல்களும் கிடைத்தன. யார் அந்த ஞானதிலோகர்? 1878-இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, வயலின் இசையில் வல்லவராகி, பின் பர்மாவிலே துறவு பூண்டவர். 1911-ஆம் ஆண்டில் தென்னிலங்கையின் தொடந்துவை அருகே, ரத்கம வாவியின் நடுவிலுள்ள சிறு தீவொன்றில் துறவியர் மடம் அமைத்தவர். மேல்நாட்டார் வந்து பௌத்தத் துறவியராகப் பயிலும் இடமாக அத்தீவு விளங்கியது. அங்கே செல்ல வேண்டும், காவி உடுத்த வேண்டும் என்ற வேட்கை இளைஞர் சீக்முண்டின் உள்ளத்தில் கனன்றது.

வியன்னாவில் விட்ட தாய்

வேட்கை இருந்தும் அவர் உடனே புறப்படவில்லை. 1932-இல் தந்தையார் நெடுநாள் நோயுற்று மறைந்தார். முதுமை எய்திய தாயைத் தனியே விட்டுச் செல்ல மகனுக்கு மனம் வரவில்லை. துறவுக்கும் தாய்க்கும் இடையே நின்று தவித்தவர்கள் கதை தமிழர்க்குப் புதியதன்று. அனைத்தையும் துறந்த பட்டினத்தடிகள், ஈன்ற தாயின் ஈமக்கடனுக்கு ஓடோடி வந்து பச்சை வாழைமட்டையில் தீ மூட்டியதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உலகை விடலாம், பெற்றவளை விடுவதெப்படி?

1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறினான். யூதர்கள் அரசாங்கப் பதவிகளினின்றும் விலக்கப்பட்டனர். அவர்தம் கடைகள் புறக்கணிக்கப்பட்டன. 1935 செப்ரெம்பரில் வந்த நூரம்பேர்க் சட்டங்கள் அவர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கின. அக்காலத்தில் பேர்லினில், யூதர்களுக்கு உதவுவதற்காக யூதர்களே அமைத்த மத்திய சங்கத்தில் சீக்முண்ட் பணியாற்றினார். தம் மக்கள் படும் பாட்டை அருகிருந்து கண்டவர் அவர்.

1935-ஆம் ஆண்டின் இறுதியில் தாயை அழைத்துக்கொண்டு ஒஸ்திரிய நாட்டின் வியன்னா நகரை அடைந்தார். அங்கே உறவினர் இருந்தனர். ஒஸ்திரியா அப்போது தனிநாடு. ஹிட்லரின் கை அங்கு நீளவில்லை. தாய்க்குப் பாதுகாப்பான நிழல் கிடைத்துவிட்டதென்று மகன் நம்பினார். அதே நம்பிக்கையோடுதான் பிராங்க் குடும்பமும் ஜேர்மனியை விட்டு ஒல்லாந்து நாட்டுக்குச் சென்றிருந்தது. நம்பியது குற்றமன்று. எல்லைக்கோடுகள் எவ்வளவு மெல்லியன என்பதை உலகம் அப்போது அறிந்திருக்கவில்லை.

தாயின் பொறுப்பு நிறைவேறிய பின்னரே அவர் கப்பலேறினார். 1936 பெப்ரவரியில் இலங்கை வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே ஞானதிலோக தேரரிடம் சாமணேரராகத் துறவு ஏற்றார்; 1937-இல் உபசம்பதை பெற்று முழுத் துறவியானார். ஞானத்தின்பால் சாய்வுடையவர் என்னும் பொருள்பட ஞானபோனிக்க என்ற பெயர் வாய்த்தது. பாளி மொழி கற்றார். வாவியின் நடுவே தென்னை நிழலில் தியானம் பயின்றார். சில காலம் மலைநாட்டில், கம்பளைப் பக்கத்தில் தங்கி மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டார்.

அமைதி நீடிக்கவில்லை. 1938 மார்ச்சில் ஜேர்மானியப் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. நிழலென்று நம்பிய இடம் ஒரே நாளில் நெருப்பாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் யூதர்களின் ஆலயங்கள் எரிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். எழுபதை எட்டிய தாய் அந்நெருப்பின் நடுவே இருந்தார். மகனோ ஏழு கடலுக்கு அப்பால், ஒரு காசும் தமதென்று இல்லாத துறவி.

இங்கேதான் நம் நாட்டவர் ஒருவரின் பெயரை நன்றியோடு கூற வேண்டும். சேர் ஏர்னஸ்ட் டி சில்வா, கொழும்பிலே பெருஞ்செல்வர். 1939-இல் இலங்கை வங்கி தோன்றியபோது அதன் முதல் தலைவராயிருந்தவர். அகதிகளாய் வருவோருக்குப் பொறுப்பேற்க நாட்டில் ஒருவர் வேண்டும். முன்பின் கண்டிராத ஒரு யூத மூதாட்டிக்காக அவர் அப்பொறுப்பை ஏற்றார். ஞானபோனிக்க தேரரின் தாயும் உறவினர் சிலரும் 1939-இல் இலங்கை வந்து சேர்ந்தனர். செல்வர் இல்லத்தின் ஆதரவில் தாயார் கொழும்பில் வாழ்ந்தார். மகன் ஏற்ற நெறியைத் தாமும் ஏற்றுப் பௌத்தராகி, 1956-இல் அந்நகரிலேயே அமைதியாகக் கண்மூடினார். தன் ஊரில் இருந்திருந்தால் அவருக்கு எத்தகைய முடிவு நேர்ந்திருக்கும் என்பதை, கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களின் கணக்கு நமக்குச் சொல்லும்.

கம்பிவேலிக்குள்

தாய் கரை சேர்ந்த அதே ஆண்டில், செப்ரெம்பர் மாதம் உலகப்போர் மூண்டது. இலங்கை பிரித்தானியர் ஆட்சியில் இருந்தமையால், இங்கு வாழ்ந்த ஜேர்மானியர் பகைநாட்டார் எனக் கருதப்பட்டுத் தடுப்புமுகாமில் அடைக்கப்பட்டனர். காவியுடை விலக்களிக்கவில்லை. ஞானதிலோக தேரரும் ஞானபோனிக்க தேரரும் ஊவா மலைச்சாரலின் தியத்தலாவை முகாமுக்குச் சென்றனர். மூத்தவருக்கு அஃது இரண்டாம் முறை. 1914-இல் மூண்ட முதற்போரின்போதும் அவர் அதே தியத்தலாவையில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்.

1941-இல் இருவரும் வட இந்தியாவில், இமயத்தின் அடிவாரத்திலுள்ள டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டனர். ஹிட்லரைப் போற்றுவோரும் அவனுக்கஞ்சி ஓடிவந்தோரும் அங்கே ஒரே முகாமின் வேலிக்குள், வெவ்வேறு பகுதிகளில் வாழ நேர்ந்தது. விதியின் கேலியை என்னென்பது! அதே 1941 நவம்பரில், வெளிநாட்டில் வாழும் யூதர் எவரும் ஜேர்மன் குடிகள் அல்லரென்று ஹிட்லர் அரசு சட்டம் செய்தது. யூதர் என்பதால் ஜேர்மனி அவரைத் தன் குடியன்று எனத் தள்ளியது. ஜேர்மானியர் என்பதால் பிரித்தானியர் அவரைக் கம்பிவேலிக்குள் நிறுத்தினர்.

இவ்வாறு இரண்டு பக்கத்தாரும் ஒதுக்கிய நிலையில் மனிதன் கசந்துபோவது இயல்பு. கடுங்காவலை உடைத்துத் தப்ப முயல்வதும் இயல்பே. மலையேறும் வீரரான ஹைன்ரிக் ஹாரர் 1944-இல் அம்முகாமினின்று தப்பித் திபெத்துக்குச் சென்ற வரலாறு உலகறிந்தது. ஞானபோனிக்க தேரர் வேறு வழியிலே தப்பினார். முகாமையே மடமாக்கிக்கொண்டார். சுத்தநிபாதத்தை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். அபிதம்ம பிடகத்தின் முதல் நூலான தம்மசங்கணியையும் அதன் உரையையும் பெயர்த்தார். மனத்தை நொடிதோறும் விழிப்போடு நோக்கும் சதிபட்டானப் பயிற்சியைப் பற்றிய பழம்பகுதிகளைத் தொகுத்தார். பின்னாளில் லாமா கோவிந்தர் எனப் பெயர்பெற்ற ஜேர்மானிய அறிஞரோடு நட்புக்கொண்டு வடமொழியும் பயின்றார். 1946-இல் விடுதலையாகி இலங்கை மீண்டபோது, அவருடைய பிற்கால நூல்களுக்கெல்லாம் வேண்டிய வித்து அந்தக் கையெழுத்துச் சுவடிகளில் இருந்தது.

உடவத்தகெலே வனம்

கண்டி நகருக்கு வருவோர் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு திரும்புவர். மாளிகைக்குப் பின்னே குன்றின்மீது அடர்ந்து கிடக்கும் வனத்தினுள் நுழைவோர் சிலரே. அரசர் காலத்தில் அது மன்னருக்குரிய காடு, பொதுமக்கள் புகலாகாது. உடவத்தகெலே என்னும் அவ்வனம் இன்று பாதுகாக்கப்பட்ட சரணாலயமாக விளங்குகிறது. நகரின் சந்தடி அடிவாரத்தோடு நின்றுவிடும். மேலே குரங்கும் பறவையும் காற்றும் பேசும் மொழிதான்.

முதுமையுற்ற ஞானதிலோக தேரருக்குத் தென்கரையின் வெப்பம் ஒவ்வாதாயிற்று. அவருக்கென அவ்வனத்தில் இருந்த ஓரில்லம் 1951-இல் அளிக்கப்பட்டது. ஞானபோனிக்க தேரரும் அங்கே வந்து சேர்ந்தார். வனத்துறவிமடம் என்று அது பெயர் பெற்றது. ஆண்டு பலவாக நாடற்றவராயிருந்த அவர் அதே 1951-இல் இலங்கைக் குடியுரிமையும் பெற்றார். பர்மிய அரசு நடத்திய ஆறாம் பௌத்த மகாசங்கத்தின் பொருட்டு இருவரும் ரங்கூன் சென்றனர். அங்கே மகாசி சயாதோவின் வழிகாட்டலில் ஞானபோனிக்க தேரர் தியானம் பயின்றார். அப்பயிற்சியும் முகாமிற் செய்த தொகுப்பும் சேர்ந்து கனிந்ததே, பௌத்த தியானத்தின் இதயத்தை விளக்கும் ஆங்கில நூலாக 1954-இல் கொழும்பில் வெளிவந்தது. மேல்நாட்டில் இன்று மனவிழிப்புப் பயிற்சி என்று மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் வழங்குவதற்கு வழிகோலிய நூல்களுள் அதுவும் ஒன்று.

1957 மே மாதத்தில் ஆசான் மறைந்தார். தனித்து நின்ற மாணவர் ஆசானின் எழுத்துகளைச் செம்மை செய்து பதிப்பிக்கும் பணியைத் தலைமேற் கொண்டார். 1958 ஜனவரி முதல் நாளில், ரிச்சர்ட் அபயசேகர, ஏ. எஸ். கருணாரத்ன என்னும் இருவரோடு சேர்ந்து பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைக் கண்டியில் நிறுவினார். சிறு சிறு நூல்களை ஆங்கிலத்தில் அச்சிட்டு, வேண்டுவோருக்குத் தபாலில் அனுப்புவதே நோக்கம். சிறிதாகத் தொடங்கிய முயற்சி ஆலமரமாயிற்று. சக்கரம் என்னும் பொருள்படும் பெயரோடு வெளிவந்த அச்சிறுநூல் வரிசை, கண்டித் தபாற்கந்தோரினின்று புறப்பட்டுப் பல கண்டங்களின் வீடுகளை அடைந்தது.

புத்தகக் கடையிலே நூல் வழியாக நெறி கண்ட இளைஞரை இங்கே மீண்டும் நினைவுகூர்க. ஆசான் இல்லாத ஊரில், யாரோ ஒருவர் எழுதிய நூல் தம் கைக்கு வந்தமையாலன்றோ அவர் வாழ்வு திரும்பியது? அறியாத நாட்டில், தனித்திருக்கும் வேறோர் இளைஞன் கைக்கு ஒரு சிறுநூல் போய்ச் சேரட்டும் என்பதே அவர் முப்பதாண்டு உழைப்பின் உட்பொருள். 1984 வரை பதிப்பாசிரியராகவும் 1988 வரை தலைவராகவும் அவர் பணியாற்றினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற பிக்கு போதியும் நியூயோர்க் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவரே.

1978-இல் அவர் வெளியிட்ட நூலொன்று நன்மை தீமைகளின் வேர்களை ஆராய்வது. பேராசை, வெறுப்பு, மயக்கம் என்னும் மூன்று வேர்களினின்றே உலகின் தீமையெல்லாம் கிளைக்கின்றதென்பது பௌத்தக் கொள்கை. அதனைப் பிறர் எழுதினால் ஏட்டுச் சுரைக்காய் எனலாம். தம் இனத்தையே அழிக்க எழுந்த வெறுப்பின் தோற்றத்தைப் பேர்லின் தெருக்களிற் கண்டவர் எழுதும்போது அஃது அனுபவ நூலாகிறது. பிராங்க்பேட்டிற் பிறந்து அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற யூத உளவியலறிஞர் எரிக் புரோம் அவரைப் பெரிதும் மதித்துப் போற்றியதில் வியப்பில்லை.

கழைக்கூத்தின் பாடம்

புத்தர் கூறிய கதையொன்றை ஞானபோனிக்க தேரர் சிறுகட்டுரையாக விளக்கியுள்ளார். மூங்கிற் கழையிலே கூத்தாடும் ஆசானும் மாணாக்கியும் பேசிக்கொள்ளும் கதை அது. நான் உன்னைக் காக்கிறேன், நீ என்னைக் காப்பாயாக என்கிறான் ஆசான். அவ்வாறன்று, அவரவர் தம் நிலையைக் காத்துக்கொண்டால்தான் இருவரும் விழாமல் இறங்குவோம் என்கிறாள் மாணாக்கி. மாணாக்கியின் வழியே சரியென்றார் புத்தர். தன்னை விழிப்போடு காப்பவன் பிறரைக் காக்கிறான். பொறுமையாலும் அன்பாலும் பிறரைக் காப்பவன் தன்னையே காத்துக்கொள்கிறான் என்பது அதன் முடிந்த பொருள்.

கோவில் வீதியிலே கழைக்கூத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வுவமை எளிதிற் புரியும். ஆயினும் தேரரின் வாழ்வைப் பார்த்த பின்னரே அதன் ஆழம் விளங்குகிறது. துறவு என்பது கடமையை உதறி ஓடுதல் என்று சொல்வோர் உண்டு. 1936-இல் அந்த மகன் கப்பலேறியபோது, முதிய தாயை விட்டுத் தன் முத்தியைத் தேடிப் போகிறானென்று எவரேனும் பழித்திருந்தால் அப்பழியை மறுப்பது அன்று அரிதாயிருந்திருக்கும். ஆனால் அவர் அன்று இலங்கைக்கு வராதிருந்தால், 1939-இல் அந்தத் தாய்க்கு இலங்கையின் கதவைத் தட்ட எவரும் இருந்திரார். மகன் தனக்கென்று தேடிய அடைக்கலம் தாய்க்கும் அடைக்கலமாயிற்று. பட்டினத்தடிகள் தாயின் ஈமத்துக்கு மீண்டார். இவரோ தாயை ஈமத்தினின்றும் மீட்டார்.

பாளி மொழியில் சரணம் என்ற சொல் அடைக்கலத்தையே குறிக்கும். புத்தம், தம்மம், சங்கம் என்னும் மூன்றையும் அடைக்கலம் புகுவதே பௌத்தனின் முதற்செயல். அச்சொல்லின் பொருளைப் புத்தகத்தில் மட்டும் படித்தவரல்லர் ஞானபோனிக்கர். அடைக்கலம் மறுக்கப்படுவது எத்தகையதென்றும், அஃது அளிக்கப்படுவது எத்தகையதென்றும் உடம்பினாலே அறிந்தவர். இந்நாட்டவராகிய நாமும் அதனை அறியாதவரல்லேம். 1983 ஜூலையில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டினுள்ளே மறைத்துக் காத்த சிங்கள அயலவர் பலர். அன்று ஒளிந்திருந்தவர்களுக்கு அம்ஸ்ரர்டாம் வீட்டின் கதை தொலைநாட்டுக் கதையாகத் தோன்றாது.

1990-இல் பேராதனைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளித்துத் தன்னைச் சிறப்பித்துக்கொண்டது. 1994 ஒக்டோபர் 19-இல், துறவு பூண்டபின் வந்த ஐம்பத்தெட்டாம் கார்காலத் தவத்தின் கடைசி நாளில், தொண்ணூற்று மூன்றாம் வயதில், உடவத்தகெலே வனத்துறவிமடத்திலே அவர் மறைந்தார். அவரது சாம்பல், இளமையில் அவர் தேடிவந்த தொடந்துவைத் தீவிலேயே சேர்க்கப்பட்டது.

கண்டி வாவிக்கரையில், சங்கராஜ மாவத்தையில் அவர் நிறுவிய சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. அவ்வழியே செல்லும் ஆசிரியர்கள் மாணவரை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லலாம். ஒளிந்திருந்த குடும்பத்தின் நாடகத்தைக் கண்டு கலங்கிய பிள்ளைகளுக்கு, கதவு திறந்த கதையும் ஒன்று நம் ஊரில் உண்டென்று அங்கே வைத்துச் சொல்லலாம்.